டிசம்பரில் வரும் பிள்ளைகளை ஆடி மழையிலும் அனுப்புங்கள்

களியக்காவிளை, பளுகல், அருமனை, கொல்லங்கோடு எனக் குமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில் ஊழியம் செய்யும் பங்குத்தந்தையருக்கும், சேகரப் போதகர்களுக்கும், மலங்கரை சபை அச்சன்மாருக்கும், இரட்சணிய சேனை ஆபீசர்மாருக்கும், இளைஞர் இயக்கங்களையும் வாலிபர் சங்கங்களையும் நடத்துகிற அண்ணன்மார் அக்காமாருக்கும் எழுதுவது.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலை வட்டாரத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தேன். இப்போது இந்தப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். கூப்பிடுகிற வீடுகளுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போகிற வீடுகளில் உங்கள் பிள்ளைகள் வந்துபோன அடையாளத்தைப் பார்க்கிறேன். சுவரில் சாய்த்து வைத்த கேக் டப்பா, பிரிக்காத போர்வை, நெஞ்சில் குத்தும் ஒரு வாழ்த்து அட்டை. கேட்க வந்தது ஒரே காரியம். வருஷத்துக்கு ஒருநாள் பத்து வீடுகளுக்கு அனுப்பும் பிள்ளைகளை, வாரத்துக்கு ஒருநாள் ஒரே வீட்டுக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கைப்பழக்கமாகச் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு மனசு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறைக் கடற்கரையில் யார் யார் கடலுக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை என்று வீடு வீடாகப் பெயரெழுதியது கோயில் பங்குகளும் அங்கிருந்த இளைஞர்களும்தான். உள்நாட்டில் ரப்பரும் வாழையும் முறிந்து ரோடெல்லாம் அடைந்து, நாள்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். வெட்டுக்கத்தியோடு வெளியே இறங்கி வழி திறந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். மறுவருஷம் ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டா, செங்ஙன்னூர் என்று போனார்கள். அவர்களைத் திரட்டி அனுப்பியதிலும் பங்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் தூத்தூர் வட்டாரப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லைக்கோட்டைப் பார்த்து நின்றுவிடும் பழக்கம் நம் சபைகளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

ஆனால் புயல் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. பக்கவாதம் அடங்குவதில்லை. நாலு வருஷம், ஏழு வருஷம் என்று ஒரு கட்டிலில் நீள்கிறது. அங்கேதான் நமக்கு ஆள் இல்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அந்தப் பாட்டி அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை பார்த்தவர். முந்திரித் தோட்டெண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தேய்ந்துபோயிருக்கும். வலப்பக்கம் தளர்ந்து படுத்துவிட்டார். மகன் சவூதியில். மருமகள்தான் எல்லாம். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஒரு குழு வந்தது. நட்சத்திரம் பிடித்துக்கொண்டு, கிட்டார் வாசித்துக்கொண்டு, நல்ல பாட்டு. கேக் கொடுத்தார்கள், சேலை கொடுத்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். பாட்டி அழுதார். அந்தப் பிள்ளைகளில் சிலரும் கண்கலங்கினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. அவர்கள் போனபிறகு நான் போர்வையை விலக்கினேன். வலது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனது. இடுப்பெலும்புக்குக் கீழே நனைந்த துணி. என்ன வேண்டும் பாட்டி என்று கேட்டதற்கு அவர் சொன்னது, "ஒண்ணும் வேண்டாம் மக்களே, என்னைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சரிச்சுப் போட்டாப் போதும்." பதினைந்து பேர் நின்ற அறையில், அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. அவர்களிடம் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எனக்குப் பிள்ளைகள் மேல் கோபமில்லை.

புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, தோள்பட்டை, காதுமடல், இந்த இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு லேசில் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் காற்று வளையத்தை அடியில் வைக்கக் கூடாது. அது சுற்றியுள்ள தோலின் ரத்த ஓட்டத்தைத் தடுத்துக் கெடுதல்தான் செய்யும். ஏர்பெட் என்கிற காற்று மெத்தை நல்லது. ஆனால் ஏர்பெட் போட்ட வீட்டிலும் திருப்பிப் போட வேண்டும், கரண்ட் போனால் உடனே கவனிக்க வேண்டும். கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்தி உட்கார வைக்க வேண்டும், கொடுத்து முடித்து அரைமணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். குழாய் போட்டவர்களுக்கு மூத்திரம் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். இதில் எதற்கும் டாக்டர் பட்டம் வேண்டாம். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தால் பத்தொன்பது வயதுப் பையனோ பெண்ணோ அடிப்படையைப் படித்துக்கொள்ளலாம். அதன்பிறகு நர்ஸோடு சேர்ந்து சில வீடுகளுக்குப் போனால் கை பழகிவிடும்.

இது புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருப்பதுதான். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானவர்கள் வலி தணிக்கும் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, நாம்தான் வீட்டுக்குப் போக வேண்டும், டாக்டரும் நர்ஸும் மட்டும் போனால் எட்டாது என்று சீக்கிரமே அவர்களுக்குப் புரிந்தது. மலப்புறம் பக்கம் டீக்கடைக்காரரும், ஆட்டோ ஓட்டுபவரும், காலேஜ் பிள்ளைகளும் பயிற்சி எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளைப் பொறுப்பேற்றார்கள். 2008இல் கேரள அரசு, பாலியேட்டிவ் என்று சொல்கிற இந்த வலி தணிக்கும் சிகிச்சைக்கென்று தனிக்கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. இன்று அங்கே பஞ்சாயத்து வழியாகவே வீடு தேடி நர்ஸ் வருகிறார். ஜனவரி 15ஆம் தேதியைப் பாலியேட்டிவ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நாம் பொங்கலுக்கு வாசல் தெளிக்கிற நேரத்தில், ஒரு மணிநேர பஸ் தூரத்தில் பள்ளிப் பிள்ளைகள் படுக்கையில் இருப்பவர்களுக்காக ஊர்வலம் போகிறார்கள்.

நம் பக்கமும் ஒன்றுமே இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கு வருகிறது; பிசியோதெரபிக்கும் ஆதரவு சிகிச்சைக்கும் ஆள் உண்டு. ஆனால் அந்த நர்ஸுக்கு எத்தனை வீடு! அவர் ஒரு வீட்டுக்கு வந்துபோய் மறுபடி வருவதற்குள் இடையில் கிடக்கிற நாட்களை யார் பார்ப்பது? அந்த இடைவெளியைத்தான் உங்களிடம் கேட்கிறேன். சர்க்காரின் வேலையை சபை எடுத்துச் செய்ய வேண்டாம். சர்க்கார் நர்ஸ் வந்து நிற்கும்போது, "இந்த வாரம் குதிகாலில் இப்படி ஒரு நிறம் வந்திருக்கிறது, ராத்திரி வலியில் தூங்கவில்லை" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

வலி என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் முற்றினவர்கள் வலியில் கதறுவதை விதி என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. சிலர் அதைச் சிலுவை என்றுகூடச் சொல்கிறார்கள். தயவுசெய்து பிரசங்கத்தில் அப்படிச் சொல்லாதீர்கள். கடும் வலியைத் தணிக்க மார்ஃபின் (morphine) என்ற மாத்திரை இருக்கிறது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வழி ஓரளவு திறந்திருக்கிறது. உரிமம் பெற்ற இடங்களில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டு நோட்டில் எழுதிவைக்க உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒரு எண் டாக்டரின் கையில் பெரிய உதவி.

இளைஞர்கள் வீடு சந்திப்பது நம் சபைகளுக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். பங்குகளில் பெரியவர்களின் அமைப்பாகிவிட்ட வின்சென்ட் தே பவுல் சபையைப் பாருங்கள். 1833இல் பாரிஸில் அதைத் தொடங்கிய பிரெடரிக் ஓசானாமுக்கு அப்போது 20 வயது. கூட இருந்தவர்களும் பெரும்பாலும் காலேஜ் மாணவர்கள். அவர்களுக்கு ஏழைகளின் வீட்டு வாசலைக் காட்டி, எப்படிப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று பழக்கியவர் ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி. அந்தத் தெருக்களை அவர் வருஷக்கணக்காக நடந்து அறிந்தவர். பிள்ளைகளின் சூடும் அவருடைய அனுபவமும் சேர்ந்ததால்தான் அது நிலைத்தது.

நெய்யூரை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 1838இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி. 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற இளம் சர்ஜன், ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த கூட்டத்தையும், ஒற்றை ஆளாகத் திணறிய டாக்டரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அவர் ஒருநாள் வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கு நம் ஆச்சிமார் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். நல்ல சமாரியனைப் பற்றிப் பிரசங்கிக்கும்போதும் எண்ணெய் வார்த்ததோடு நிறுத்திவிடுகிறோம். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான் அவன். அந்தப் பகுதியை ஒரு ஞாயிறு முழுக்கப் பேசுங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். முதலில் பட்டியல். ஒரே ரோட்டில் ஆர்.சி. கோயில், சி.எஸ்.ஐ. சபை, மலங்கரை பள்ளி, சேனைக் கொட்டகை, பெந்தெகொஸ்தே ஜெபவீடு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இளைஞர் குழு. ஒரே பாட்டாவுக்கு மூன்று போர்வை கிடைக்கிறது; பக்கத்து விளையில் இருக்கும் இந்துக் குடும்பத்தின் பாட்டிக்கு ஒருவரும் போகவில்லை. போதகர்கள் ஒரு சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து, வார்டு வார்டாக, எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று ஒரே பட்டியல் எழுதுங்கள். அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார நர்ஸ், ரேஷன் கடைக்காரர் மூவரையும் கேட்டால் முக்கால் பட்டியல் கைக்கு வந்துவிடும். மதம், சபை, சாதி, சபைக்கு வரி கட்டியிருக்கிறார்களா என்ற கேள்வி எதுவும் அந்தத் தாளில் வேண்டாம்.

மதத்தைப் பற்றிப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். 1982இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரம் இந்த மாவட்டத்தில் என்ன செய்தது என்று என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. இந்து வீட்டுக்கோ முஸ்லிம் வீட்டுக்கோ போகும் பிள்ளை கையில் துண்டுப்பிரசுரம் இருக்கக் கூடாது. வீட்டார் கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. நோய்ப்படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் பல நேரம் கூச்சம். அந்த நிலையை நாம் பயன்படுத்தினோம் என்ற பேச்சு ஒருமுறை வந்தால், அதன்பிறகு எந்த வாசலும் திறக்காது. திறக்கக் கூடாது என்பதுதான் நியாயமும்.

போட்டோ வேண்டவே வேண்டாம். சேலை விலகிக் கிடக்கிற ஒரு தாயின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்து, துபாயில் இருந்த மகள் போன் பண்ணி அழுததை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். சபைப் பத்திரிகைக்கு அறிக்கை வேண்டுமானால் எத்தனை வீடு, எத்தனை தடவை என்று எண்ணிக்கை எழுதுங்கள்.

ஒரு வீட்டுக்கு இரண்டு பேர். பெண் நோயாளிக்குப் பெண்பிள்ளைகள், ஆண் நோயாளிக்கு ஆண்பிள்ளைகள். தனியாக யாரும் போகக் கூடாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அந்த வீட்டிலேயே, கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். தேதி, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், எந்த மாத்திரை தீர்ந்துபோகிறது. நர்ஸ் வந்தால் அதைத்தான் முதலில் புரட்டுவார். நம் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்கிறவர்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். நர்ஸிங் முடித்தவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள், இன்ஜினியரிங் முடித்தவன் கல்ஃப் விசாவுக்குக் காத்திருக்கிறான். போகட்டும், போக வேண்டியவர்கள்தான். போகுமுன் தனக்குப் பதில் வரப்போகிறவரை இரண்டு மூன்று வாரம் கூடவே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக வையுங்கள். திடீரென்று வராமல் நின்றுபோகிறவர்கள் செய்யும் காயம் வராமலே இருந்தவர்கள் செய்வதைவிட மோசமானது. கட்டிலில் இருப்பவர் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருப்பார்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரு பையனைச் சொல்கிறேன். விடியுமுன் ரப்பர் பால்வெட்டு, அதன்பிறகு ஐ.டி.ஐ. படிப்பு. அவன் பொறுப்பேற்ற பாட்டா பழைய லாரி டிரைவர், கோபக்காரர். மகள் முகச்சவரம் பண்ண வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகள் கையால் அதைச் செய்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பல வாரத் தாடி, கஞ்சி ஒட்டிக் காய்ந்து அரிப்பு. பையன் முதல் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து லாரிக் கதை கேட்டான். பிறகு ஒருநாள், "பாட்டா, ஷேவ் பண்ணட்டா?" என்றான். வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து முகத்தில் கொஞ்ச நேரம் வைத்து, கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக வழித்தான். தளர்ந்த பக்கத்துக் கன்னத்தில் தோல் தொங்கும், அங்கேதான் பிளேடு வெட்டும். அதை அவனே கண்டுபிடித்து உள்ளிருந்து நாக்கால் தள்ளச் சொன்னான். அவரால் அந்தப் பக்கம் தள்ள முடியவில்லை. தன் சுண்டுவிரலில் துணி சுற்றி உதட்டோரத்தைத் தாங்கிக்கொண்டான். முடித்ததும் கண்ணாடி காட்டினான். அன்றைக்குப் பாட்டா இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளை நீங்கள் வளர்த்து வைத்திருக்கிறீர்கள். குடில் போட்டிக்கும் கானமேளாவுக்கும் மேடை கட்டுவதோடு அவர்களின் வேலை தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

நோயாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், கவனித்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எனக்கு இந்தக் கடிதத்தில் மிக முக்கியமானது இதுதான். ஒரு கட்டிலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மருமகளோ மகளோ மனைவியோ இருக்கிறாள். இரவில் நாலு தடவை எழுந்திருப்பாள். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ ஆராதனைக்கோ வர முடியாது. வருஷம் கழிந்து பார்த்தால் சபையில் அவளைக் காணோம் என்று பேச்சு. "பக்தி குறைந்துவிட்டது" என்று காதுபட ஒருவர் சொன்னதாக ஒரு பெண் என்னிடம் சொல்லிக் குமுறினாள். அவளுக்கு யாரும் கேக் கொடுப்பதில்லை. இரண்டு பிள்ளைகள் ஞாயிறு காலை வந்து அந்தக் கட்டிலருகே இரண்டரை மணிநேரம் உட்கார்ந்தால், அவள் தலை சீவி, நல்ல சேலை உடுத்தி, கோயிலுக்கு வந்துபோவாள். அந்தப் பிள்ளைகள் அன்றைக்குப் பூசைக்கு வரவில்லையே என்று கணக்குப் பார்க்காதீர்கள், ஃபாதர். சாயங்காலப் பூசைக்கு வரட்டும். சி.எஸ்.ஐ. ஐயர்மாரிடமும் அதையேதான் கேட்கிறேன்.

எல்லையில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் முடிகிற ஒரு வேலையும் உண்டு. தோவாளை, பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்தும், அதற்கும் கிழக்கே இருந்தும், திருவனந்தபுரத்தில் 1981இல் தொடங்கிய ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அங்குள்ள மெடிக்கல் காலேஜுக்கும் நம் ஆட்கள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். விடியற்காலை பஸ்ஸில் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போர்டு மலையாளம், டோக்கன் கூப்பிடுவது மலையாளம். எந்தக் கவுண்டரில் ரத்தம், எங்கே ஸ்கேன், மறுபடி என்றைக்கு வர வேண்டும் என்று புரியாமல் ஒரு நாள் முழுக்க வரிசை மாறி மாறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்த்தாண்டத்துக்கு மேற்கே வளர்ந்த நம் பிள்ளைகள் மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறார்கள், பலர் படிக்கவும் செய்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், மாற்றி மாற்றி, இரண்டிரண்டு பேர் அங்கே நின்று, தமிழ் பேசும் நோயாளிகளுக்கு வழிகாட்டினால் போதும். ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி, அடையாள அட்டையோடு செய்ய வேண்டும். அந்தக் கடிதத்தை ஆயர்மார் கையெழுத்திட்டு எழுதினால் கதவு திறக்கும். நான் எழுதினால் திறக்காது.

காகித வேலையும் அப்படித்தான். ஓஏபி என்கிற முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடுமையான ஊனம் உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம் இருக்கிறது, மாதம் 600 ரூபாய். ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துச் சட்டம். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, சான்றிதழ் முகாமுக்குத் தேதி கேட்டு, நோயாளியை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்வர இரண்டு தோள் வேண்டும். போன் திரையில் விரல் ஓடும் பிள்ளைகளுக்கு இதில் பாதி வேலை ஒரு மணிநேரம்.

பணம் எங்கிருந்து என்று கமிட்டியில் கேட்பார்கள். கொடியேற்று முதல் தேர்பவனி வரை பத்து நாளில் வாணவேடிக்கைக்குச் செலவாகும் தொகையை நான் சொல்லத் தேவையில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாச்சக்கை என்ன விலைக்குப் போகிறது என்பதும் தெரியும். திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தப் பத்து நாளுக்குத்தான் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். ஒருநாள் வாணத்தை மட்டும் விட்டுவிட்டு அந்தக் காசில் ஏர்பெட், சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி வாங்கி ஒரு அறையில் வையுங்கள். வேண்டிய வீட்டுக்குக் கொடுத்து, தேவை முடிந்ததும் கழுவி உலர்த்தித் திரும்ப எடுத்துவையுங்கள். எல்லாச் சபைக்கும் சேர்த்து ஒரு அறை போதும்.

பெற்றோர் தயங்குவார்கள். பிள்ளைக்கு நோய் தொற்றிவிடும் என்று பயப்படுவார்கள். பக்கவாதமோ புற்றுநோயோ தொற்றாது; சளி, காய்ச்சல் இருக்கிற நாளில் பிள்ளைதான் போகக் கூடாது, நோயாளிக்குத்தான் ஆபத்து. போகும்போதும் வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது முதல் பாடம். பெண்பிள்ளைகளை அனுப்ப யோசிக்கிற அம்மாமாரைப் பயிற்சி நாளுக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களும் படித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டிலும் ஒருநாள் கட்டில் போட வேண்டி வரும்.

பயிற்சிக்குத் தொலைவாகப் போக வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பு 2003 முதல் இதே வேலையாக இருக்கிறது. தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் வேலையில் ஒன்று. நெய்யூரிலும் நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியிலும் உங்கள் சொந்தச் சபைகளின் நர்ஸுகளே இருக்கிறார்கள். அடிப்படையைச் சொல்லிக்கொடுக்க என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, கேட்டால் மறுக்கமாட்டோம். ஒரு கட்டில், இரண்டு பெட்ஷீட், நாலு தலையணை, ஒரு வாளித் தண்ணீர், நோயாளி போலப் படுக்க ஒரு பையன், இவை இருந்தால் பாரிஷ் ஹாலிலேயே தொடங்கலாம். இருபது பேருக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். எல்லோரும் ஒருமுறையாவது திருப்பிப் போட்டுப் பழக வேண்டும்.

அடுத்த பங்குப் பேரவையிலும் சேகரக் கமிட்டியிலும் இதை ஒரு பொருளாக வையுங்கள். கிறிஸ்மஸ் கேரல் ஒத்திகை தொடங்குமுன் பட்டியலை முடித்துவிட்டால், அந்த மாதமே முதல் வீடுகளுக்குப் போகலாம். கேரல் பாடிக்கொண்டே போகட்டும், எனக்குச் சந்தோஷம்தான். அந்த வீட்டு நோட்டில் அவர்களின் பெயர் ஜனவரியிலும் இருக்க வேண்டும், மழை பிடித்து விளைவழி சேறாகிற ஆனியிலும் ஆடியிலும் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் நான் எந்த ஊருக்கும் வரத் தயார். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி,
விளவங்கோடு தாலுகா